பெயரில்லாத நோய்க்கு ஒரு நோட்டு

ஜூன் 2

வந்து வந்து போகும் மூட்டுவலி, மாதக்கணக்கில் விடாத அசதி, சாயங்காலமானால் உடம்பில் ஒரு கதகதப்பு, எதைச் சாப்பிட்டாலும் வயிற்று உப்புசம். இப்படி எந்தக் கணக்கிலும் சேராத உபாதைகளோடு டாக்டர் டாக்டராக அலைகிறவர்களின் கையில் ஒரு ஜவுளிக்கடைப் பை இருக்கும். எக்ஸ்ரே உறை, ஸ்கேன் படம், லேப் ரிப்போர்ட், மடித்து மடித்து நைந்துபோன ஓ.பி. சீட்டு என்று அந்தப் பை கனத்துக்கொண்டே போகும். அவ்வளவு காகிதத்திலும் எது முதலில் வந்தது, அதற்குப் பின்னால் எது வந்தது, நடுவில் எத்தனை நாள் உடம்பு சும்மா இருந்தது என்ற வரிசை மட்டும் இருக்காது. அது நோயாளியின் ஞாபகத்தில் இருக்கிறது. ஞாபகமோ ஒவ்வொரு டாக்டரிடமும் ஒவ்வொரு விதமாக வெளியே வருகிறது. முந்தைய டாக்டர் எதைக் கேட்டுத் தலையாட்டினாரோ அது பெரிதாகிறது. அவர் காதில் வாங்காதது உதிர்ந்துபோகிறது.

நான் எழுதிப் பார்க்க நினைக்கும் வாதம் இதுதான். விடை தெரியாமல் நீடிக்கும் நோயில், தேதி போட்டு எழுதிய குறிப்பு எந்த லேப் சோதனைக்கும் குறையாத சாட்சி. அதை எழுதுவது நோயாளியின் வேலை. அதற்குப் பொருள் சொல்வது மருத்துவரின் வேலை. இரண்டில் எது விடுபட்டாலும் நோயாளி அலைகிறார். ஒருவர் வேலையை மற்றவர் எடுத்துக்கொண்டால் இன்னும் மோசமாக அலைகிறார்.

1975-இல் பிரிட்டனில் ஹாம்ப்டனும் உடன் பணியாற்றியவர்களும் புறநோயாளிப் பிரிவுக்குப் புதிதாக வந்த 80 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். பரிந்துரைக் கடிதத்தைப் படித்து, நோயாளி சொன்னதைக் கேட்டு முடித்ததுமே மருத்துவர் போட்ட கணிப்பு, 66 பேருக்குக் கடைசிவரை நின்றது. உடலைத் தொட்டுப் பார்த்தபின் கணிப்பு மாறியது 7 பேருக்கு. லேப் முடிவு வந்து மாறியது இன்னொரு 7 பேருக்கு. 1992-இல் அமெரிக்காவில் வேறொரு குழு இன்னொரு 80 பேரை வைத்துச் செய்ததில், நோயாளி சொன்னதிலிருந்தே விடை கிடைத்தவர்கள் 61 பேர். இரண்டும் சின்ன ஆய்வுகள், பழைய ஆய்வுகள். வந்தவர்களும் பெரும்பாலும் சாதாரண நோயாளிகள். புதிரான நோய்க்கு இது பொருந்துமா என்று கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஒரு ஊரின் கதை வேண்டியிருக்கிறது.

ஜூன் 3

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், கனெக்டிகட் ஆறு கடலோடு சேரும் பக்கத்தில், லைம் என்றொரு சிற்றூர். காடு, புல்வெளி, மான்கள், காட்டோரச் சாலைகளில் தள்ளித்தள்ளி வீடுகள். பாலி மரே என்ற ஓவியர் அங்கே நான்கு பிள்ளைகளோடு குடியிருந்தார். 1960களிலிருந்தே அவருக்கும் பிறகு வீட்டில் மற்றவர்களுக்கும் மூட்டு வீக்கம், தலைவலி, தோலில் செந்தடிப்பு, காய்ச்சல், அசதி என்று மாறிமாறி ஏதோ வந்துகொண்டே இருந்தது. சோதனைகளில் பிடிபடவில்லை. மனநலக் காரணமாக இருக்கும் என்று மருத்துவர்கள் அவரிடம் சொல்லிப் பார்த்தார்கள். அவர் எழுதி வைத்துக்கொண்டே வந்தார்: யாருக்கு, என்றைக்கு, உடம்பில் எந்த இடத்தில், எத்தனை நாள். அக்கம்பக்கத்தில் இதே மாதிரி யார் யாருக்கு இருக்கிறது என்பதையும் சேர்த்தே எழுதினார். 1975 அக்டோபரில் மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தொலைபேசியில் சொன்னார். அதே காலத்தில் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு தாயும், நம் தெருப் பிள்ளைகளுக்கு எப்படி இத்தனை மூட்டுவாதம் என்று கேட்டிருந்தார்.

விஷயம் யேல் பல்கலைக்கழகத்தில் மூட்டுவாதத் துறையில் பயிற்சியில் இருந்த ஆலன் ஸ்டீர் என்ற இளம் மருத்துவரிடம் வந்தது. அவரும் உடன் இருந்தவர்களும் அடுத்தடுத்த மூன்று ஊர்களில் தேடி, 39 பிள்ளைகளும் 12 பெரியவர்களுமாக 51 பேரைக் கண்டுபிடித்து, 1977-இல் கட்டுரை வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் நான்கே நான்கு நாட்டுச் சாலைகளில் குடியிருந்தார்கள். அந்தச் சாலைகளில் பத்துப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை நோயாளி. நோய் தொடங்கியது பெரும்பாலும் கோடையிலும் அதற்கடுத்த மாதங்களிலும். குழந்தைகளுக்கு வரும் அரிதான மூட்டுவாதம் என்றுதான் அதுவரை அவர்களுக்குப் பெயர் எழுதப்பட்டிருந்தது. அரிதான நோய் ஒரே சாலையில் வீட்டுக்கு வீடு உட்காராது. அதுவும் பருவம் பார்த்து வராது.

இதில் என் வாதத்துக்கு வேண்டிய இடம் இதுதான். 51 பேரில் 13 பேர், மூட்டு வீங்குவதற்கு முன்னால் தோலில் ஒரு சிவப்புப் பொட்டு கிளம்பி வளையமாகப் பரவியதைச் சொன்னார்கள். சிலருக்கு அந்த வளையம் 50 செ.மீ. அகலம் வரை விரிந்திருந்தது. வளையம் வந்ததற்கும் முழங்கால் வீங்கியதற்கும் நடுவில் சராசரியாக நான்கு வாரம். அதாவது முழங்காலோடு மருத்துவரிடம் போன நாளில் தோல் சுத்தமாக இருந்திருக்கும். அன்றைக்கு எடுத்த எந்த ரத்தப் பரிசோதனையிலும் அந்த வளையம் தெரிந்திருக்காது. தோலையும் முழங்காலையும் முடிச்சுப் போடக்கூடியது ஒரு தேதி மட்டும்தான். முடிச்சு விழுந்ததும் மீதி வேலை சூடு பிடித்தது. அதே வளையத்தை 1909-இலேயே ஸ்டாக்ஹோமில் ஆர்விட் அஃப்செலியஸ் என்ற தோல் மருத்துவர் உண்ணிக்கடியோடு சேர்த்துப் பேசியிருந்தார். 1981-இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர் உண்ணியின் குடலில் சுருள் வடிவக் கிருமியைக் கண்டார். அந்தக் கிருமிக்கு இப்போது அவர் பெயர்தான்; நோய்க்கு அந்த ஊரின் பெயர், லைம் நோய். நோயைப் பரப்பும் இளம் உண்ணி கசகசா அளவுதான் இருக்கும். கடித்ததே பலருக்குத் தெரியாது.

பாலி மரே படித்தவர், வசதியுள்ளவர், எழுதவும் பேசவும் தெரிந்தவர். அவருக்கே இத்தனை வருடம் பிடித்தது என்பதை அடிக்கோடிட்டு வைக்கிறேன். பின்னால் தேவைப்படும்.

ஜூன் 5

“இதெல்லாம் அந்தக் காலம். இப்போது சோதனைகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன; ஒரு மாஸ்டர் செக்கப் செய்தால் தெரிந்துவிடும்” என்ற மறுப்பு முதலில் வரும். கணக்கைப் பார்ப்போம். லேப் ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று அச்சிடும் எல்லை பொதுவாக, ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேர் அடங்கும்படி வகுத்தது. ஆகவே முழு ஆரோக்கியமானவருக்கும் இருபதில் ஒரு சோதனை எல்லை தாண்டும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளைச் சேர்ந்தாற்போலச் செய்தால், நோயே இல்லாதவருக்கும் ஒன்றாவது தடித்த எழுத்தில் வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு. அந்த ஒரு தடித்த எழுத்து ஒரு ஸ்கேனுக்கு இழுத்துப்போகும். ஸ்கேன் இன்னொரு டாக்டருக்கு இழுத்துப்போகும்.

மூட்டுவலியும் அசதியும் என்றதும் எழுதித்தரப்படும் ஏ.என்.ஏ. சோதனையை எடுத்துக்கொள்வோம். லூபஸ் நோயைத் தேட உதவுவது. ஆனால் ரத்த மாதிரியை 1:40 அளவுக்கு நீர்க்கச் செய்து பார்த்தால் ஆரோக்கியமானவர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு ‘பாசிட்டிவ்’ வரும். 1:160-இலும் 5 சதவீதம் பேருக்கு வரும். வெயில் பட்டால் கன்னம் சிவப்பது, வாய்ப்புண், காலையில் விரல் மடங்காமல் ஒரு மணி நேரம் விறைத்துக் கிடப்பது என்ற குறிப்புகளோடு வரும் ஏ.என்.ஏ. ஒரு சேதி. வெறும் அசதிக்கு எடுத்த ஏ.என்.ஏ. ஒரு வதந்தி. சோதனையின் பொருளை அதற்கு முன்னால் கேட்ட கதைதான் தீர்மானிக்கிறது.

நம் ஊர் உதாரணமும் சொல்லலாம். ஐந்து நாள் காய்ச்சல் நீடித்தால் வைடால் சோதனை, அதில் ஏதோ ஓர் எண் ஏறியிருந்தால் ‘டைபாய்டு’. டைபாய்டு ஊரோடு புழங்கும் இடங்களில் பழைய தொற்றும் தடுப்பூசியும்கூட அந்த எண்ணை ஏற்றிவைத்திருக்கும். ஒற்றை வைடாலை நம்பிப் பெயர் சூட்டக் கூடாது என்பது மருத்துவ மாணவர்களுக்கே பாடம். இதே காய்ச்சல், மழைக்காலத்திலும் அதன் பின்வரும் குளிர் மாதங்களிலும், ஸ்க்ரப் டைபஸாக இருக்கலாம். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு இருக்கும். அது அக்குளிலோ தொடை இடுக்கிலோ மார்புக்குக் கீழேயோ ஒளிந்திருக்கும், வலிக்கவும் வலிக்காது. வீட்டில் குளிக்கும்போது பார்த்து, எந்தத் தேதியில் பார்த்தோம் என்று எழுதிவைக்க ஒரு பைசா ஆகாது. சட்டையைக் கழற்றாமல் நாடி பார்த்து அனுப்பும் இடத்தில் அது யார் கண்ணுக்கும் படாது.

சோதனை வேண்டாம் என்று சொல்லவில்லை. லைம் நோய்க்கே கடைசியில் கிருமியைக் கண்டது நுண்ணோக்கிதான். எதைத் தேட வேண்டும் என்று நுண்ணோக்கிக்குச் சொன்னது, பேர், ஊர், தேதி எழுதிய பட்டியல். “சோதனை எடுத்து ‘நார்மல்’ என்று வந்தால் மனதுக்காவது நிம்மதி” என்பார்கள். 2013-இல் 14 பரிசோதனை ஆய்வுகளை, 3,828 நோயாளிகளை, ஒன்றாக அலசிய கட்டுரை அதையும் ஆதரிக்கவில்லை. கடுமையான நோய்க்கு வாய்ப்புக் குறைவானவர்களிடம், சோதனை எடுத்ததால் நோய் பற்றிய கவலை குறையவில்லை.

ஜூன் 9

டாக்டருக்கு நேரம் எங்கே? இதுதான் கனமான மறுப்பு. 1984-இல் பெக்மனும் ஃபிராங்கலும் 74 மருத்துவச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து கேட்டபோது, நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரி 18 வினாடியில் மருத்துவர் குறுக்கிட்டிருந்தார். சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லி முடித்தவர்கள் 17 பேர். குறுக்கிடாவிட்டால் நாள் முழுக்கப் பேசுவார்களே என்ற பயத்துக்குச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர மருத்துவமனை 2002-இல் பதில் தந்தது: 335 பேரைத் தடுக்காமல் பேசவிட்டதில் சராசரி 92 வினாடி, முக்கால்வாசிக்கு மேற்பட்டோர் இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

ஆனால் பாசல் வேறு, வரிசை வாசல்வரை நிற்கும் நம் ஓ.பி. வேறு. 2017-இல் 67 நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஸ்வீடனில் ஒரு நோயாளிக்கு 22.5 நிமிடம், வங்கதேசத்தில் 48 வினாடி. இந்தியா அந்தக் கீழ்முனைக்கு அருகில், சுமார் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குள் 92 வினாடி பேச்சு என்றால் மருத்துவர் எப்போது தொட்டுப் பார்ப்பது, எப்போது எழுதுவது? அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இதனாலேயே எழுத்து வேண்டும் என்கிறேன். ஒரு பக்கத்தைக் கண்ணால் ஓட்ட அரை நிமிடம் போதும். பேச்சைவிட எழுத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. இதை யாரும் சொல்லக் காணோம். நம் ஓ.பி.யில் டாக்டரின் மேஜையைச் சுற்றி அடுத்த டோக்கன்காரர், அதற்கடுத்தவர், அவரோடு வந்த மச்சான் என்று எல்லோரும் நிற்கிறார்கள். மலத்தில் ரத்தம் போவதையும் மாதவிடாயின்போது மலம் கழித்தால் உயிர் போகிற மாதிரி வலிப்பதையும் ஒரு பெண் அத்தனை காதுகளுக்கு நடுவில் சொல்ல முடியாது. “வயிறு சரியில்லை சார்” என்று சொல்வாள். கேஸ் மாத்திரை கிடைக்கும். காகிதத்தை நீட்டினால் மருத்துவர் ஒருவர்தான் படிப்பார்.

எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோய் இந்த மௌனத்தால் எவ்வளவு தாமதமாகிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கருப்பையின் உள்ளுறை போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பில், கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம், 19 கோடிப் பேருக்கு இருக்கிறது. அறிகுறி தொடங்கி நோயின் பெயர் தெரிய நான்கு முதல் பதினோரு ஆண்டுகள் பிடிப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. சாதாரண ஸ்கேனில் பல நேரம் ஒன்றும் தெரியாது. வலி எந்தத் தேதியில் ஏறுகிறது, எந்தத் தேதியில் இறங்குகிறது என்று சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் மூன்று மாதம் குறித்தால், அந்த ஏற்ற இறக்கம் மாதவிடாயோடு பூட்டிக்கொண்டிருப்பது தெரிந்துவிடும். “கல்யாணம் ஆனா சரியாயிடும்”, “ஒரு குழந்தை பிறந்தா சரியாயிடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதற்கு முன்னால் அந்தக் காலண்டர் பேச வேண்டும்.

ஜூன் 10

நேற்று எழுதியதற்கு ஒரு பின்குறிப்பு. நாள்கணக்கையே அறிகுறியாக எடுத்துக்கொள்வது புதிதும் அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை என்று சுவருக்குச் சுவர் எழுதிவைத்திருக்கிறது அரசு. இருமல் எப்படிப்பட்டது என்று அந்த வாசகம் கேட்கவே இல்லை. எத்தனை நாள் என்று மட்டும் கேட்கிறது. காரணம் தெரியாக் காய்ச்சலுக்கு 1961-இல் பீட்டர்ஸ்டார்ஃபும் பீசனும் வகுத்த இலக்கணத்திலும் காலம்தான் முதுகெலும்பு: 38.3 டிகிரி செல்சியஸுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல், மருத்துவமனையில் ஒரு வாரம் பார்த்தும் விடை இல்லை. தேதி எழுதாதவருக்கு அந்த இலக்கணத்தில் இடமே கிடையாது.

ஜூன் 14

“எல்லாம் நார்மல்தான், டென்ஷன் ஆகாதீங்க.” இதைக் கேட்டுவிட்டு வெளியே வருகிறவர் இரண்டு விதமாக நொறுங்குகிறார்: வலி அப்படியே இருக்கிறது, அது பொய் என்றும் ஆகிவிட்டது. இதற்கு மருத்துவத்தில் நீண்ட வரலாறு உண்டு. 1965-இல் லண்டன் மனநல மருத்துவர் எலியட் ஸ்லேட்டர், ‘ஹிஸ்டீரியா’ என்று முத்திரை குத்தப்பட்ட நோயாளிகளைப் பல ஆண்டு கழித்துத் தேடிப் பார்த்தார். பெரும்பகுதியினருக்குப் பின்னால் நரம்பு நோயோ வேறு உடல் நோயோ தெரியவந்திருந்தது. சிலர் அதிலேயே இறந்திருந்தார்கள். நோயாளிகளின் பக்கம் பேசுகிறவர்கள் இந்த ஆய்வை விட்டுவைப்பதே இல்லை.

ஆனால் அதோடு நிறுத்திக்கொள்வது நேர்மை ஆகாது. ஜான் ஸ்டோனும் உடன் ஆய்ந்தவர்களும் 2005-இல் இந்த வகை ஆய்வுகளை எல்லாம் கூட்டிப் பார்த்தார்கள். இத்தகைய கணிப்பு தவறாகிப்போன விகிதம் 1950களில் 29 சதவீதம், 1960களில் 17, 1970களுக்குப் பிறகு 4 சதவீதம்தான். இது என் வாதத்துக்கு எதிரான சான்று, ஏற்றுக்கொள்கிறேன். இன்றைய நரம்பியல் மருத்துவர் கவனமாகப் பார்த்து, “உங்கள் நரம்பில் சேதம் இல்லை, அது இயங்கும் விதத்தில் கோளாறு” என்று சொன்னால் பெரும்பாலும் அது சரி.

அவர் எப்படிச் சொல்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சோதனைகளில் ஒன்றும் இல்லை என்பதால் சொல்வதில்லை. 1908-இல் சார்ல்ஸ் ஹூவர் விவரித்த ஒரு பரிசோதனையைப் பாருங்கள். கால் பலமிழந்தவரைப் படுக்கவைத்து, அந்தக் குதிகாலுக்கு அடியில் மருத்துவர் கையை வைத்து, “கீழே அழுத்துங்கள்” என்கிறார். அழுத்த முடியவில்லை. பிறகு, “இப்போது மற்ற காலைத் தூக்குங்கள்” என்று சொல்லி அதை எதிர்த்துப் பிடிக்கிறார். உடனே அந்தப் பலமிழந்த குதிகால் தானாக அவர் கையை அழுத்துகிறது. தசையும் நரம்பும் நன்றாக இருக்கின்றன, கட்டளை போகும் வழியில் சிக்கல் என்பதற்கு அது நேரடிச் சான்று. நோயாளி நடிக்கவில்லை, தன் குதிகால் அழுத்தியதே அவருக்குத் தெரியாது. ஆக, ‘செயல்பாட்டுக் கோளாறு’ என்பது தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு நோய். தேடல் தோற்றபோது ஒட்டும் சீட்டு அல்ல. “ரிப்போர்ட் நார்மல், அதனால் மனசுதான்” என்கிறவர் ஸ்டோன் சொன்ன 4 சதவீதத்தைத் தனக்குச் சாட்சியாகக் கூப்பிட முடியாது. பெயர் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே சீட்டில் எழுதலாம்; அதற்கும் ஒரு வரி போதும்.

ஜூன் 15

உடம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இல்லாத நோயும் வந்துவிடாதா? வரும், ஓரளவுக்கு. இதயத்துடிப்பை எண்ணிக்கொண்டே இருப்பவருக்குத் துடிப்பு ஏறத்தான் செய்யும். அதனால்தான் மணிக்கொரு தரம் எழுதுவதை நான் பரிந்துரைக்கவில்லை. இரவில் ஒரு தரம், இரண்டு வரி, மூடிவைத்துவிட வேண்டும். வலியின் அளவோடு, அன்று என்ன வேலை செய்ய முடிந்தது என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும். “மாடி ஏறினேன், நடுவில் நிற்கவில்லை” என்பதும் மருத்துவருக்குத் தகவல்தான்.

மருத்துவமே இதை நம்புகிறது என்பதற்குத் தலைவலி நல்ல உதாரணம். அடிக்கடி தலைவலிக்கு மாத்திரை போடுகிறவருக்கு அந்த மாத்திரையே தலைவலியை நிலைக்கவைத்துவிடும். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கூட்டு மாத்திரையோ ஒற்றைத் தலைவலிக்குத் தரும் டிரிப்டான் வகையோ 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போனால் அப்படிச் சந்தேகிக்க வேண்டும் என்பது சர்வதேச வரையறை. எந்த எம்.ஆர்.ஐ.யிலும் இது தெரியாது. மெடிக்கல் ஷாப்பில் பத்து ரூபாய்க்கு வாங்கிப் போட்டதை யாரும் எண்ணி வைப்பதில்லை; “எப்பவாவது போடுவேன் சார்” என்றுதான் சொல்வார்கள், மனமறிந்து பொய் சொல்லாமலே. எழுதிப் பார்த்தால்தான் ‘எப்பவாவது’ என்பது பதினெட்டு நாள் என்று தெரியும்.

ஜூன் 20

மிகக் கடினமான எதிர்ச்சான்று லைம் ஊரிலிருந்தே வருகிறது. நோய்க்குப் பெயரும் கிருமியும் கிடைத்து, பெரும்பாலோருக்குச் சில வார ஆண்டிபயாட்டிக்கில் குணமும் கிடைத்த பிறகு, அந்தப் பெயர் ஊர் ஊராகப் பரவியது. வருடக்கணக்கில் அசதி, மறதி, உடல்வலி என்று அலைந்த, வேறு எங்கும் விடை கிடைக்காத பலர், ரத்தத்தில் அந்தக் கிருமியின் தடயமே இல்லாதபோதும், தமக்கு ‘நாட்பட்ட லைம்’ என்று நம்பத் தொடங்கினார்கள். மாதக்கணக்கில் நரம்பு வழியாக மருந்து ஏற்றும் மருத்துவர்களும் கிடைத்தார்கள். 2001-இல் அமெரிக்காவில் 129 பேரை வைத்துச் செய்த சோதனையில், 90 நாள் ஆண்டிபயாட்டிக் எடுத்தவர்களுக்கும் வெற்று மருந்து எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2016-இல் நெதர்லாந்தில் 280 பேரிடமும் நீண்ட சிகிச்சை கூடுதல் பலன் தரவில்லை. மருந்தேற்றும் குழாய் வழியாகக் கிருமி புகுந்து உயிரிழந்தவர்கள் உண்டு. இந்தச் சிகிச்சையை எதிர்த்த ஸ்டீருக்கு, அந்த நோயை உலகுக்குக் காட்டிய அதே மருத்துவருக்கு, நோயாளிகளிடமிருந்து மிரட்டல்கள் வந்தன.

“பார்த்தீர்களா, நோயாளியின் நோட்டை நம்பினால் இங்கேதான் கொண்டுபோய் விடும்” என்று ஒருவர் கேட்டால்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாலி மரேயின் பட்டியலில் நோயின் பெயர் இல்லை, இருக்கவும் முடியாது. முழங்கால், வளையம், தேதி, சாலை என்று கண்டவைதான் இருந்தன. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் பெயரை முதலில் எழுதிக்கொண்டு, அதற்குப் பொருந்தும் அறிகுறிகளைக் கீழே நிரப்பினார்கள், பொருந்தாதவை விடுபட்டன. கூகுளில் தேடிக்கொண்டு வருகிறவரின் நோட்டு டாக்டருக்கு எரிச்சலூட்டுவதும் இதனால்தான். அந்த நோட்டில் சாட்சியும் தீர்ப்பும் கலந்துபோயிருக்கின்றன, பிரித்தெடுக்க வழியில்லை. முதல் நாள் நான் சொன்ன வேலைப் பிரிவினை இங்கே உயிர் காக்கும் விஷயமாகிறது.

அந்த நோயாளிகளின் வலி பொய் என்றும் இதனால் ஆகிவிடாது. தவறான பெயருக்கு அவர்கள் ஓடியது, பெயரில்லாமல் யாரும் அவர்களை உட்காரவைத்துப் பேசாததால்.

ஜூன் 22

இங்கே நம் ஊர் அமைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெயருள்ள நோய்க்கு நம்மிடம் நோட்டு இருக்கிறது. காசநோயாளிக்கு அட்டை உண்டு. கர்ப்பிணிக்குப் பதிவெண் உண்டு, எடையும் ரத்த அழுத்தமும் மாதாமாதம் ஏறும் பக்கம் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களின் வீட்டுக்கே ஆள் வந்து பார்த்துக் குறித்துப்போகிறார். காலத்தோடு ஒரு உடம்பைத் தொடர்ந்து எழுதுவது எப்படி என்று அரசுக்கு நன்றாகவே தெரியும். நோய்க்குப் பெயர் இல்லாதவருக்கு மட்டும் ஒரு பக்கமும் இல்லை, அவருக்கு ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு, புது டாக்டர், “என்ன பண்ணுது?” என்ற புதுக் கேள்வி. பாலி மரேயைப் போலப் படிப்பும் வசதியும் இல்லாதவர், எழுதத் தெரியாதவர் என்ன செய்வார் என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. ரத்த அழுத்தத்தைக் குறிக்க வீட்டுக்கு வருகிறவர், மூன்று வாரம் தாண்டிய காய்ச்சலையும் காரணமில்லாமல் இறங்கும் எடையையும் இன்னொரு பக்கத்தில் குறிக்கலாம். பள்ளிக்கூடம் போகும் பேத்தியும் எழுதலாம்.

என்ன எழுதுவது? ஒரே பக்கம். மேலே, கடைசியாக முழு ஆரோக்கியமாக இருந்தது எப்போது என்ற தேதி. பொங்கலுக்கு முன்னாலா, ஆடி கழிந்தா என்று சொன்னாலும் போதும். அதன் கீழே வந்தவை வந்த வரிசையில். எடை, அதே தராசில், மாதம் ஒரு தரம். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டரின் எண், பாராசிட்டமால் போடுவதற்கு முன்னால் எடுத்தது. ஊர் மாறியது, வேலை மாறியது, வீட்டில் வேறு யாருக்கு இருக்கிறது. போட்ட மருந்துகளுக்குப் பெயர் எழுத வராவிட்டால், மாத்திரை அட்டையில் பெயர் அச்சிட்ட முனையைக் கத்தரித்து ஒட்டிவிடலாம். இது முக்கியம், ஏனென்றால் மூட்டுவலிக்குப் பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கும் பெயரில்லாத மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். இரண்டு நாளில் வலி பறந்துவிடும். அறிகுறிகளும் கலைந்துபோய், அடுத்த டாக்டருக்குத் தடயமே இல்லாமல் ஆகிவிடும். போட்டதும் அதிசயமாகக் குணமானது, நிறுத்தியதும் திரும்பியது என்ற இரண்டு தேதிகள் இருந்தால் அவருக்கு அதுவே பாதி விடை.

ஜூன் 27

எழுதினால் விடை கிடைத்துவிடுமா? எல்லோருக்கும் கிடைக்காது. அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனம் 2008-இல், எங்கும் விடை கிடைக்காதவர்களுக்கென்றே ஒரு திட்டம் தொடங்கியது. பிறகு அது பல மருத்துவமனைகளின் வலையமைப்பாக விரிந்தது. 2018-இல் வெளியான கணக்கின்படி முழுமையாகப் பரிசோதிக்கப்பட்ட 382 பேரில் விடை கிடைத்தது 132 பேருக்கு, 35 சதவீதம். பெரும்பாலும் மரபணுவைப் படித்துத்தான் கிடைத்தது. ஆனால் 15 பேருக்கு, புதிய சோதனை எதுவும் இல்லாமல், இருந்த பதிவுகளை முழுக்க ஒருவர் உட்கார்ந்து படித்ததிலேயே விடை வந்துவிட்டது. எத்தனையோ நிபுணர்களைப் பார்த்து முடித்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். புதிரான நோய்க்குக் கதை உதவுமா என்று முதல் நாள் எழுந்த கேள்விக்கு, லைம் ஊரின் கதையோடு, என்னிடமுள்ள இன்னொரு பதில் இந்தப் பதினைந்து பேர்.

மீதி 250 பேர் பெயரில்லாமல் வீடு திரும்பினார்கள். அவர்களுடைய பதிவுகள் வீண் அல்ல: அதே மரபணுத் தரவைச் சில ஆண்டு கழித்து மறுபடி அலசும்போது, இடைக்காலத்தில் கண்டறியப்பட்ட நோய்களால் புதிதாக விடை கிடைப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கு, அன்று என்ன இருந்தது என்று எழுதிய பக்கம் பத்திரமாக இருக்க வேண்டும். நம் சீட்டுகளில் இதற்காக நான் கேட்பது இரண்டே வரிகள். “ஒன்றுமில்லை” என்பதற்குப் பதிலாக, “இதுவரை தெரியவில்லை, இந்தத் தேதியில் மறுபடி பார்க்க வேண்டும்” என்று ஒரு வரி. எடை இறங்கினால், இரவுக் காய்ச்சல் வந்தால், ரத்தம் போனால், கை கால் புதிதாக மரத்தால் அந்தத் தேதிவரை காத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்று இன்னொரு வரி.